மாம்பழத்துக்குள் புழு வந்தது எப்படி? மருந்து தெளிக்காமல் பழ ஈயைக் கட்டுப்படுத்துதல்

மேலே ஒரு கீறலும் இல்லாத மாம்பழத்தை நறுக்கினால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. "இந்தப் புழு எப்படி உள்ளே போனது?" என்று மாணவர்கள் கேட்பார்கள். இதற்குச் சரியான விடை தெரிந்தால், மருந்து தெளிக்காமல் அதைத் தடுக்கும் வழியும் விளங்கிவிடும். பள்ளி வளாகத்தில் ஒரு மாமரமோ கொய்யா மரமோ, காய்கறித் தோட்டத்தில் ஒரு பாகற்கொடியோ இருந்தால் போதும். தொடக்க வகுப்பு முதல் மேல்நிலை வகுப்பு வரை இதைச் செய்து பார்த்துக் கற்பிக்கலாம்.

எந்த ஈ?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கனிந்த வாழைப்பழத்தின் மேல் மொய்க்கும் மிகச் சிறிய பூச்சி டிரோசோபிலா. மரபியல் பாடத்தில் வருவது அதுதான். அது பெரும்பாலும் அழுகத் தொடங்கிய பழத்தையே நாடும். நாம் பேசுவது டெஃப்ரிடிடே என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த பழ ஈயைப் பற்றி. ஏறக்குறைய வீட்டு ஈயின் அளவில், மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில், கண்ணாடி போன்ற இறக்கைகளுடன் இருக்கும். மா, கொய்யாவைத் தாக்குவது ஒரு இனம். பாகல், புடலை, பீர்க்கு, சுரை போன்ற கொடிக்காய்களைத் தாக்குவது இன்னொரு இனம்.

பெண் ஈயின் வயிற்று நுனியில் ஊசி போன்ற உறுப்பு உண்டு. அதனால் தோலைத் துளைத்து, தோலுக்கு அடியில் முட்டையிடும். ஓரிரு நாளில் முட்டை பொரிந்து புழு சதைக்குள் இறங்கும். வளர்ந்த புழு பழத்தை விட்டு வெளியேறி மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகும். பிறகு ஈயாகி மேலே வரும். நம் கோடையில் இந்தச் சுற்று சில வாரங்களில் முடிந்துவிடும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

மருந்து ஏன் பலிப்பதில்லை?

இந்தச் சுற்றைக் கரும்பலகையில் வரைந்து, "மேலே தெளிக்கும் மருந்து எந்த நிலையில் பூச்சியின் மேல் படும்?" என்று மாணவர்களைக் கேளுங்கள். முட்டை தோலுக்கு அடியில் இருக்கிறது. புழு சதைக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். வெளியே இருப்பது ஈ மட்டுமே. அதுவும் பறந்துகொண்டே இருக்கிறது. ஆனால் நாம் உண்ணும் பழத்தின் மேல் மருந்து உறுதியாகப் படும்.

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. பழ ஈ பெரும்பாலும் காய் முற்றிப் பழுக்கும் வேளையில்தான் வரும். பாகற்காயைச் சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கிறோம். மருந்து தெளித்தபின் காத்திருக்க வேண்டிய இடைவெளிக்கு அங்கே இடமே இல்லை. கொடிக்காய்கள் காய்க்கத் தேனீக்கள் வேண்டும். பழ ஈயை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் வேண்டும். மருந்து இவை இரண்டையும் சேர்த்தே கொல்லும்.

பள்ளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில், பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. குழந்தைகள் உண்ணும் இடத்தில் பூச்சிக்கொல்லிப் புட்டி இருக்கவே கூடாது. அதன் காலிப் புட்டியும் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தடை

முட்டையிடாமல் தடுக்க: பிஞ்சு கொஞ்சம் பருத்தவுடன் காகிதப் பையால் மூடிக் காம்பில் தளர்வாகக் கட்டிவிடலாம். பாகல், புடலை, கொய்யாவுக்கு இது எளிது. பழைய செய்தித்தாளே போதும். மாங்காயை மரத்திலேயே கனிய விடாமல், முற்றியவுடன் பறித்துப் பழுக்க வைப்பதும் ஈயின் வாய்ப்பைக் குறைக்கும்.

புழுவை அழிக்க: உதிர்ந்த பழங்களையும் வெம்பிய காய்களையும் நாள்தோறும் பொறுக்குவதே எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. அவற்றை அப்படியே குப்பைக் குழியில் போட்டால் ஈக்களை நாமே வளர்த்ததாகிவிடும். தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் வைத்தால் புழுக்கள் வெப்பத்தில் மடியும்.

கூட்டுப்புழுவை அழிக்க: மரத்தடி மண்ணை மேலாகக் கொத்திவிட வேண்டும். மண்ணில் சில அங்குல ஆழத்துக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலில் காயும்; எறும்புக்கும் கோழிக்கும் மைனாவுக்கும் இரையாகும்.

ஈயைப் பிடிக்க: கவர்ச்சிப் பொறி வைக்கலாம். இதன் பின்னே நம் நாட்டில் நடந்த ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெயை ஆண் பழ ஈக்கள் தேடி வருவதை 1912இல் எழுதினார். 1915இல் மீத்தைல் யூஜினால் என்ற பொருளுக்கு அந்த ஈர்ப்பு இருப்பதைக் காட்டினார். இன்று மாந்தோப்புகளில் தொங்கும் பொறிகளில் இருப்பது அதுதான். கொடிக்காய் ஈக்குக் கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் தேவை. ஒன்றுக்கு மற்றொன்று உதவாது.

இந்தப் பொறிகளுக்கு ஆண் ஈக்கள் மட்டுமே வரும். ஆண்கள் குறைந்தால் பெண்களுக்கு இணை கிடைக்காது. ஆனால் ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் ஈ பக்கத்துத் தோட்டத்திலிருந்து பறந்து வந்து முட்டையிடும். எனவே பொறி மட்டும் போதாது. உதிர்ந்த பழத்தை அகற்றுவதும் தெருவே சேர்ந்து செய்வதும் இருந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க நிலை: ஓர் அகன்ற கண்ணாடிப் புட்டியில் மூன்று விரல் உயரத்துக்கு ஈர மணல் இட்டு, புழு விழுந்த மாம்பழத் துண்டை வையுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். வளர்ந்த புழு வளைந்து துள்ளிக் குதிப்பதையும், மணலுக்குள் புகுவதையும், பின்னர் ஈயாக வருவதையும் மாணவர்கள் நாள்வாரியாக வரையட்டும். முழு உருமாற்றத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. முடிந்ததும் துணியை அவிழ்க்காமலே வெந்நீரை ஊற்றிவிடுங்கள். ஈக்களை வெளியே விட வேண்டாம்.

நடுநிலை: ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் மேற்பகுதியில் பென்சில் நுழையும் அளவுக்கு மூன்று துளைகள் இடுங்கள். உள்ளே கம்பியில் கவர்ச்சிப் பொருளைத் தொங்கவிட்டு, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே வரும் ஈ நீரில் மூழ்கும். துளசியிலும் மீத்தைல் யூஜினால் உண்டு. வகைக்கு வகை அளவு மாறும். இன்னொரு புட்டியில் கசக்கிய துளசி இலையை இட்டு, இரண்டிலும் விழும் ஈக்களை வாரந்தோறும் எண்ணிப் பட்டை வரைபடம் வரையச் சொல்லுங்கள். விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

எச்சரிக்கை: கடையில் கிடைக்கும் சில கவர்ச்சிக் கட்டைகளில் பூச்சிக்கொல்லியும் ஊறியிருக்கும். உறையைப் படித்து, அது இல்லாததையே வாங்குங்கள். எதுவாயினும் ஆசிரியரே கையுறை அணிந்து பொருத்த வேண்டும். மாணவர்கள் தொடக் கூடாது.

உயர்நிலை, மேல்நிலை: அணுக்கரு இயற்பியல் நடத்தும்போது ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளைச் சொல்லலாம். ஆய்வகத்தில் வளர்த்த கொடிக்காய் ஈக்களைக் காமாக் கதிரால் மலடாக்கிப் பெருமளவில் பறக்கவிட்டார்கள். அவற்றோடு இணை சேர்ந்த பெண் ஈக்களின் முட்டைகள் பொரியவில்லை. 1993இல் அந்த ஈ அங்கு முற்றிலும் ஒழிந்தது. நம் வணிகத்தோடும் இது தொடர்புடையது. பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டதால் 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழம், பாகல், புடலை உள்ளிட்டவற்றுக்குத் தடை விதித்தது. மாம்பழத்துக்கான தடை அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நீங்கியது. ஏற்றுமதிப் பழங்களை 48 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 60 நிமிடம் வைப்பது ஒரு முறை. உள்ளிருக்கும் முட்டையையும் புழுவையும் மருந்தில்லாமல் வெப்பமே கொல்கிறது.

வீட்டுக்குப் போகும் பாடம்

மாணவர்களில் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். "மருந்து அடிக்காதீர்கள்" என்று பெற்றோரிடம் சொல்லச் சொன்னால் அது எடுபடாது. "புழு மண்ணுக்குள் இருக்கிறது அப்பா, உதிர்ந்த காயைப் பொறுக்கிவிடலாம்" என்று பிள்ளை காரணத்தோடு சொன்னால் பெற்றோர் கேட்பார்கள். பொறியில் விழுந்த ஈக்களின் எண்ணிக்கையை எழுதிய குறிப்பேட்டை, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களையே காட்டச் செய்யுங்கள். அடுத்த மாம்பருவத்துக்கு முன் ஊரே சேர்ந்து பொறி வைப்பதைப் பற்றி அங்கேயே பேசி முடிவு செய்யலாம்.