நிழலான இடத்துக்கு வண்ண இலைச்செடிகள்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வீட்டில் நிழலான இடம் என்றால் பெரும்பாலும் மாமரத்தடி, தென்னையோரம், இல்லையென்றால் இரண்டு சுவர்களுக்கு நடுவே போகும் முடுக்கு. இங்கெல்லாம் ரோஜா வராது, மல்லிகை மொட்டு வைக்காது. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு உடைந்த நாற்காலி போடும் இடமாக விட்டுவிடுகிறோம். அந்த இடத்துக்கு ஏற்றவை வண்ண இலைச்செடிகள். ஆனால் நர்சரியில் பார்த்துப் பிடித்ததை எல்லாம் அள்ளி வந்தால் பாதி பச்சையாகிப் போகும், பாதி கருகிப் போகும். செடியைத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வேலைதான்.

முதல் வேலை: நிழலை அளப்பது

ஒரு நாள் காலை எட்டு மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் போய் வெயில் விழும் எல்லையில் கோலமாவால் கோடு போடுங்கள். நமக்கு மேற்கே மலை நிற்பதால் அந்திவெயில் சற்று முன்னதாகவே அடங்கிவிடும். அதை நம்பி வீட்டின் மேற்குப் பக்கத்தை நிழல் என்று எண்ணிவிட வேண்டாம். மூன்று மணி வெயிலை மலை மறைக்காது. இலையைக் கருக்குவது அந்த வெயில்தான்.

ஒரு நாள் பார்த்த நிழல் வருடம் முழுக்க நிற்காது. இந்த இரண்டு ஊர்களும் ஏறக்குறைய 9.5 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. சித்திரை பிறக்கும் சமயத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும். 10 அடி மதில் ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி நண்பகலில் அதன் வடபுறம் ஆறடிக்கு மேல் நிழல் கிடக்கும். ஆனியில் அதே இடத்தில் நிழலே இராது; தென்புறத்தில்தான் இரண்டரை அடிக்கு விழும். மார்கழிக் குளிர்ச்சியை நம்பி மதிலுக்கு வடக்கே நட்ட கலாத்தியா வைகாசியில் சுருண்டுபோவது இதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் தொட்டி மட்டும் வையுங்கள், தூக்கி மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது: மரத்துக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பது

தென்னையின் நிழல் மெல்லியது, அசைந்துகொண்டே இருப்பது. வண்ண இலைகளுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. மட்டை விழும் என்பதால் அங்கே விலை கூடிய செடிகளைத் தவிர்த்து, ஒடிந்தாலும் துளிர்க்கும் டிரசீனா, சிங்கோனியம் வையுங்கள். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும்போது அடியில் இருப்பவற்றின் மேல் திடீரென வெயில் படும். அந்த வாரங்களுக்கு ஒரு நிழல்வலை இருந்தால் போதும்.

மாமரத்தடிதான் சிக்கலானது. மா நன்றாகப் பூக்க வேண்டுமானால் மழை ஓய்ந்தபின் சில வாரங்களாவது வேர்ப்பகுதி காய வேண்டும். அந்த நேரம் பார்த்து அடியில் உள்ள கோலியஸுக்கு அன்றாடம் தண்ணீர் ஊற்றினால் மரம் பூ விடாமல் தளிர் விடும். பாத்தி கிளறினால் மேல்வேர்களும் அறுபடும். காய்க்கிற சப்பட்டை மாமரம் நிற்கும் இடத்தில் மண்ணில் எதையும் நடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. செங்கல் அடுக்கி அதன்மேல் தொட்டிகளை வையுங்கள். தை, மாசியில் மாம்பூவில் தத்துப்பூச்சி விழுந்தால் அதன் இனிப்புக் கழிவு கீழே சொட்டும். காலையில் இலையைத் தொட்டால் விரல் ஒட்டும். சில நாளில் அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, வெள்ளைக் கோடு போட்ட டைஃபன்பேக்கியா இலை அடுப்பங்கரைச் சுவராகிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். செடி நிறைய இருந்தால் பூக்காலம் முடியும்வரை மரத்தடியிலிருந்து தள்ளி வைப்பதே எளிது.

மூன்றாவது: செடியைத் தேர்ந்தெடுப்பது

குரோட்டன்ஸை நிழலுக்கு வாங்காதீர்கள். அதன் சிவப்பும் மஞ்சளும் வெயிலில்தான் ஏறும். நிழலில் புது இலைகள் பச்சையாகவே வரும். ஊதா இலைச் செட்கிரீசியாவும் அப்படித்தான். ரெக்ஸ் பிகோனியா கொடைக்கானலுக்கு உரியது, நம் சித்திரையைத் தாங்காது.

நாள் முழுக்க வெயிலே எட்டாத இடத்துக்கு வெள்ளிப்பட்டை அக்லோனிமா, ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட், சிங்கோனியம். காலைவெயில் ஒரு மணி நேரம் தொட்டுப் போகும் இடத்துக்கு கோலியஸ், கலாடியம், சிவப்பு அக்லோனிமா, ரியோ. தரையை மூட முறிகூட்டி. மேலே வெள்ளி மினுக்கமும் அடியில் ஊதாவுமாக அடர்ந்து படரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இலையில் வெள்ளை கூடினால் பச்சையம் குறைவு. அந்தச் செடி மெதுவாகத்தான் வளரும், வெளிச்சமும் கூடுதலாகக் கேட்கும். புது இலைகளில் வெள்ளை குறைந்துகொண்டே வந்தால் வெளிச்சத்தை நோக்கி இரண்டடி நகர்த்துங்கள்.

நான்காவது: இடம்

கருஞ்சிவப்பு இலை கையில் எடுத்துப் பார்க்கும்போது அழகாக இருக்கும். அதையே மங்கலான முடுக்கின் கோடியில் வைத்தால் இருட்டோடு கலந்துவிடும். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுத்துப்போகிறது. வெள்ளை, வெள்ளி, எலுமிச்சை மஞ்சள், வெளிர் இளஞ்சிவப்பு தங்கி நிற்கின்றன. அதனால் தூரத்துக்கும் இருட்டுக்கும் வெளிர் இலை, கைக்கெட்டும் இடத்துக்கு அடர்நிற இலை. வெள்ளையடித்த சுவர் முன்னால் வெள்ளைக் கலாடியம் காணாமல் போகும்; அங்கே ஊதாக் கோலியஸ் எடுப்பாக இருக்கும். பாசி படிந்த பழைய மதிலுக்கு நேர் எதிராக மாற்றிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நிறம் வேண்டும் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டாள் கையில் அன்றாடம் புதிதாகக் கட்டிவைக்கும் கிளி, உடம்பெல்லாம் பச்சை இலை. மூக்குக்கு மட்டும் மாதுளம்பூ. கண் நேராக அந்தச் சிவப்புக்குத்தான் போகும். தோட்டத்திலும் முக்கால் பங்கு பச்சையாகவே இருக்கட்டும். பத்து ரகத்தில் ஒவ்வொன்று வாங்குவதைவிட மூன்று ரகத்தில் மூன்று நான்காக வாங்குங்கள்.

நாலடி அகல முடுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடக்க இரண்டரை அடி விட்டு, ஒரே சுவரோரம் ஒன்றரை அடி செடிக்கு. கோடியில் கவிழ்த்த தொட்டியின் மேல் உயரமான டைஃபன்பேக்கியா ஒன்று. அதற்கு முன்னால் வெள்ளைக் கலாடியம் மூன்று, நெருக்கமாக. பிறகு சாதாரணப் பச்சைப் பெரணி, நாலைந்து தொட்டி நீளத்துக்கு. பெரிய இலைக்குப் பக்கத்தில் இந்தப் பொடி இலை இல்லாவிட்டால் எல்லாம் ஒரே திரளாகத் தெரியும். அடுக்களை வாசல் பக்கம் சிவப்பு அக்லோனிமா ஒன்றே ஒன்று. தொட்டிகளின் இடைவெளியில் முறிகூட்டி.

மண், தண்ணீர், காற்று

செம்மண், நார்க்கழிவு, மட்கிய சாணம் மூன்றும் சம அளவு. கரிசல் மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். மழையில் நீர் வடியாமல் வேர் அழுகும். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுச் சேருங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, கலாத்தியா, டிரசீனாவின் இலைநுனி பழுப்பானால் போர் தண்ணீரின் உப்புதான் காரணம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அந்தச் செடிகளுக்கு ஊற்றுங்கள். நிழலில் மண் மெதுவாகத்தான் காயும். விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

ஆடிக்காற்றில் புதுச்செடி வைக்க வேண்டாம். வறண்ட காற்று மென்மையான இலைகளைக் கிழிக்கும், கூடவே சிவப்புச் சிலந்தியும் வரும். ஐப்பசி மழை தொடங்கும்போது வையுங்கள். மழைக்காலத்தில் நத்தைகளை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கிவிடலாம். மாவுப்பூச்சி தெரிந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

டைஃபன்பேக்கியா, கலாடியம், அக்லோனிமா, சிங்கோனியம், மணி பிளான்ட் எல்லாம் சேம்பு இனம். இவற்றின் இலையிலும் தண்டிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது. கடித்தால் வாய் எரிந்து நாக்கு வீங்கும். தவழும் குழந்தையோ, கண்டதைக் கடிக்கும் பருவத்து ராஜபாளையம் நாய்க்குட்டியோ வீட்டில் இருந்தால் இவற்றைத் திண்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். தரையில் பெரணி இருக்கட்டும்.

மார்கழி வாக்கில் கலாடியம் இலைகளை ஒவ்வொன்றாகச் சாய்க்கும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு உறங்குகிறது. தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழைபடாத மூலையில் ஒதுக்கி, பங்குனிக் கடைசியில் மறுபடி தண்ணீர் காட்டுங்கள். அதுவரை அந்த இடத்துக்குக் கோலியஸ் நுனியை நாலு அங்குலம் கிள்ளித் தண்ணீரில் போட்டு வைத்தால் இரண்டு வாரத்தில் வேர்விடும். பூக்கதிர் எட்டிப் பார்த்ததும் கிள்ளிவிட வேண்டும், பூக்க விட்டால் இலை சிறுத்துப்போகும்.