மே மாத விற்பனைக்கு நவம்பரில் வேலை

அன்புள்ள கயல்விழிக்கு,

பள்ளியில் தோழிகளோடு சேர்ந்து நாற்றுப் பண்ணை போட்டு, மே மாத சீசனில் செடி விற்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல யோசனை. 1896இல் தொடங்கிய மலர்க் கண்காட்சி இன்றும் ஊட்டிக்குக் கூட்டம் சேர்க்கிறது. பூவைப் பார்த்தவர்களுக்கு ஒரு செடியோடு மலையிறங்க ஆசை வரும். ஆனால் பெயர்ப்பலகை, விலைச்சீட்டு எல்லாம் அப்புறம். நவம்பர் பிறந்தால் உறைபனிக் காலம். பிப்ரவரி வரை நம்ப முடியாது. முதல் வேலை அதற்குத் தயாராவதுதான்.

மைதானத்துக்குக் கீழே பள்ளத்தில் இடம் தந்திருக்கிறார்கள் என்றாய். அந்த இடம் வேண்டாம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைகுந்தா பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடப்பதற்கு அதுதான் காரணம். மேட்டுப் பக்கமாக, கட்டடச் சுவரோரம் இடம் கேளுங்கள். காலை வெயில் நேராக விழாத சுவராக இருந்தால் இன்னும் நல்லது. உறைந்த இலையில் விடிந்ததும் சுள்ளென்று வெயில் பட்டால் கருகிவிடும். தாவரவியல் பூங்காவில் விடியற்காலையிலேயே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பது இதற்காகத்தான்.

அங்கே செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடியிருப்பதைப் பார்த்திருப்பாய். உங்களுக்குப் பழைய சாக்கும் மூங்கில் குச்சியும் போதும். நாலு மூலையிலும் குச்சி நட்டு, அதன்மேல் சாக்கை விரியுங்கள். சாக்கு இலையைத் தொடக் கூடாது. தொட்ட இலைதான் முதலில் கருகும். வெயில் தாழும் முன்பே மூடிவிட வேண்டும், காலையில் பனி கரைந்ததும் எடுத்துவிட வேண்டும். தண்ணீரைப் பகலிலேயே ஊற்றுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த மண்ணால் அது முடியாது.

ஜெரேனியம் விற்க ஆசை என்றால் பனிக்கு முன்பே தண்டு வெட்டு. பூக்காத தண்டாகப் பார்த்து, நாலு அங்குலம், கணுவுக்குக் கீழே. வெட்டுவாய் காய அரை நாள் நிழலில் வைத்துவிட்டு நடு. இதற்குக் குளிர்காலத்தில் தண்ணீர் கஞ்சத்தனமாகத்தான் தர வேண்டும்.

விதைக்கும் நாளை விற்பனை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணு. பெட்டூனியா பூக்கச் சுமார் மூன்று மாதம் ஆகும். ஜனவரி கடைசிக்குள் குழித்தட்டில் விழுந்தாக வேண்டும், அதுவும் வெளிச்சமான அறைக்குள். அதன் விதை தூள் மாதிரி இருக்கும். மண் போட்டு மூடினால் முளைக்காது. மணலில் கலந்து தூவி, லேசாக அழுத்தினால் போதும். செண்டுமல்லிக்கு இரண்டு மாதம் போதும், பிப்ரவரி கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். குளிரில் தண்ணீர் கூடினால் தண்டின் அடி நைந்து நாற்று சாயும். அதுதான் நாற்றழுகல். ஒரு தட்டில் கண்டால் அந்தத் தட்டைத் தனியே ஒதுக்கு.

கணக்கு நோட்டைக் கணக்கில் புலியான தோழியிடம் கொடுக்காதே, சோம்பலில்லாதவளிடம் கொடு; செத்த செடியை அன்றன்றே எழுத வேண்டும். நூறு விதைக்கு 700 ரூபாய் செலவானால் செடிக்கு 7 ரூபாய் என்று எழுதத் தோன்றும். விற்கத் தகுந்தது 70தான் என்றால் அடக்கம் 10 ரூபாய். செத்த செடியின் செலவையும் பிழைத்த செடிதான் சுமக்கும். அதனால்தான் சாக்கு மூடுவதை இவ்வளவு சொல்கிறேன். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. துணிப்பை தருவதாக இருந்தால் அந்தக் காசையும் இப்போதே அடக்கத்தில் சேர்.

இனி நீ எழுதாமல் விட்ட ஒன்று. அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் பனி கடுமையாக இருக்கும் நாட்களில்தான் வரும். பள்ளி பூட்டிக் கிடக்கும். நீங்கள் ஆளுக்கொரு ஊரில் இருப்பீர்கள். சாக்கை யார் மூடுவது, யார் திறப்பது? காவலர் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே. அவருக்கு அவர் வேலை இருக்கிறது. பள்ளிக்கு அருகில் வீடு உள்ளவர்களாகப் பார்த்து, நாளுக்கு இருவர் என்று முறை போடுங்கள். சாவி யாரிடம் என்பதையும் தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள். அந்த முறைப் பட்டியலை விதை வாங்கும் முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா