புரூச் சொல்லும் கதை

பழைய நகையை அழித்துப் புதியதாகச் செய்துகொள்வது நம் இல்லங்களில் வழக்கம். கேளம்பாக்கத்தில் பத்தரிடம் நகை கொண்டு செல்வோர் முதலில் கேட்பது, "எத்தனை சவரன் தேறும்?" என்பதே. எடைக்கு அப்பாலும் நகைக்கு மதிப்பு உண்டா? உண்டு என்பதற்கு விக்டோரியா காலத்துப் புரூச்சுகள் சான்றாகும்.

புரூச் என்பது ஆடையைச் சேர்த்துப் பிடிக்கும் அணிகலன். நம் பெண்கள் சேலைத் தலைப்பைத் தோளில் நிறுத்தக் குத்திக்கொள்வதும் இவ்வினமே. விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரை, இங்கிலாந்துப் பெண்கள் இதனைக் கழுத்தருகிலும் சால்வையிலும் அணிந்தனர்.

அவை பேசும் நகைகள். ரூபி, எமரால்டு, கார்னெட், அமெதிஸ்ட், ரூபி, டயமண்ட் எனக் கற்களை வரிசையாகப் பதிப்பர். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ரிகார்டு' என்றாகும். அன்பும் மதிப்பும் என்பது பொருள். 1861-இல் கணவர் ஆல்பர்ட் மறைந்தபின் அரசி துக்க உடை பூண்டார். அக்காலத்தில் ஜெட் என்னும் கருநிறப் பொருளாலான புரூச்சுகள் பெருகின. இறந்தவரின் தலைமுடியைப் புரூச்சில் வைத்து அணிந்தோரும் உண்டு.

இவற்றின் காலத்தை அறியவும் வழியுண்டு. பிரிட்டனில் 1854-இல் 9, 12, 15 காரட் தங்கம் சட்டப்படி ஏற்கப்பட்டது. 12, 15 காரட் தரங்கள் 1932-இல் கைவிடப்பட்டன. எனவே பிரிட்டிஷ் நகையில் 15 காரட் முத்திரை இருந்தால், அது இவ்விரு ஆண்டுகளுக்கு இடையில் செய்யப்பட்டது எனலாம்.

இக்கதையில் சென்னைக்கும் பங்குண்டு. மவுண்ட் ரோட்டில் விளங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 'சுவாமி நகை' என்ற வகைக்குப் பெயர் பெற்றது. தங்கத் தகட்டைத் தட்டிப் புடைக்கச் செய்து தெய்வ உருவங்களை அமைத்தனர். 1875-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தார். அவர் பெற்ற பரிசுகள் பின்னர் இங்கிலாந்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இந்திய நகைகளின்மேல் அங்கு ஆவல் வளர்ந்தது. நாம் கோயிலில் கைகூப்பும் திருவுருவங்கள் ஆங்கில மாதரின் அணிகலன்களாயின!

அவற்றில் கடையின் பெயர் நிலைத்தது. உருவத்தைத் தட்டியெடுத்த பொற்கொல்லரின் பெயர் பெரும்பாலும் நிலைக்கவில்லை. அவருடைய கைத்திறனுக்கு அந்நகையே எஞ்சிய சான்று. அதனை உருக்கினால் தங்கம் மிஞ்சும், சான்று மறையும்.

மாணவ நண்பர்களே! நம் வீட்டு நகைகளுக்கும் இது பொருந்தும். பாட்டியின் நகையை அழிக்கும் முன், அதைப் படமெடுத்து வையுங்கள். யார் செய்தது, யார் அணிந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். சவரன் கணக்கில் வாராத செல்வம் அதுவேயாகும்.