முறிந்த எலும்பும் திறந்த தோலும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை விலங்கியல்)

மனித உடலில் 206 எலும்புகள் உண்டு என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். முழங்காலுக்குக் கீழே, காலின் உட்பக்கத்தை விரல்களால் தடவிப் பாருங்கள். இடையில் தசை ஏதுமின்றி எலும்பு நேராகவே விரலில் தட்டுப்படும். ஆய்வுக்கூடத்தில் நாம் டிபியா என்று பெயர் சொல்லிப் படிக்கும் எலும்பு அதுதான். தொடையெலும்புக்குச் சுற்றிலும் கனத்த தசைப் போர்வை உண்டு. டிபியாவின் உட்பக்கத்திற்கோ தோல் ஒன்றே போர்வை. ஆகவே நந்தனம் சிக்னலிலோ, அடையாறு பாலத்திலோ இரு சக்கர வண்டி சரிந்து காலின்மேல் விழும்போது, எலும்பு முறிவதோடு தோலும் கிழிந்துவிடுகிறது. முதலுதவி நூல்கள் இதனைக் 'கூட்டு முறிவு' என்று கூறும். 'திறந்த முறிவு' என்பது இக்கால வழக்கு. பொருளை உடனே உணர்த்துவதால் பின்னதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

தோல் கிழியாத முறிவையும் கிழிந்த முறிவையும் ஒரே நோயின் சிறிய, பெரிய வடிவங்கள் என்று எண்ணுவது தவறு. முன்னதில் எலும்பு சேர்வது ஒன்றே வேலை. பின்னதில் தெருவே உடலுக்குள் நுழைந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1,025 திறந்த முறிவுகளை ஆராய்ந்து 1976இல் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்னும் இரு மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரும் புகழ் பெற்றது. நோயாளி மருத்துவமனைக்கு வந்த நிலையில் காயத்திலிருந்து எடுத்த மாதிரிகளுள் 70 விழுக்காட்டிற்கு மேல் பாக்டீரியாக்கள் வளர்ந்தன என்று அவர்கள் கண்டனர். அதாவது, கிருமி புகுமா என்பது கேள்வியன்று. புகுந்த கிருமி நிலைபெறுமா என்பதே கேள்வி.

ஒரு காலத்தில் இதற்கு விடை ஒன்றுதான்: காலை வெட்டிவிடுவது. அந்நிலையை மாற்றியவர் ஜோசப் லிஸ்டர். 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் கிளாஸ்கோ நகர மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். அழுகலுக்குக் காரணம் காற்றன்று, நுண்ணுயிர்களே என்ற பாஸ்டரின் கருத்தைப் படித்திருந்த லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் காயத்தின்மேல் வைத்தார். ஆறு வாரங்களில் சிறுவன் நலமடைந்து வீடு திரும்பினான். கார்லைல் என்னும் ஊரில் சாக்கடையின் நாற்றத்தைப் போக்க அந்த அமிலத்தைப் பயன்படுத்திய செய்தியே லிஸ்டருக்கு இந்த எண்ணத்தைத் தந்ததாம்! அறுவை மருத்துவத்தின் புதுயுகம் திறந்த முறிவு ஒன்றில், அதுவும் ஒரு சாக்கடையின் தயவால் தொடங்கியது என்பதை நம் வகுப்பில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

எலும்பில் புகுந்த கிருமியை ஒழிப்பது ஏன் இத்துணைக் கடினம்? விலங்கியல் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். எலும்பு உயிருள்ள திசு. ஹாவர்ஸ் குழாய்களின் வழியாகவும், மேலுறையின் வழியாகவும் அதற்கு இரத்தம் வருகிறது. விபத்தில் மேலுறை உரிந்து துண்டாகிவிட்ட எலும்பிற்கு அவ்வழிகள் அடைபடுகின்றன. அது இறந்த பொருளாகிவிடுகிறது. இரத்தம் செல்லாத இடத்திற்கு வெள்ளணுக்களும் செல்லா, ஊசி மூலம் செலுத்திய மருந்தும் செல்லாது. அங்கே ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பிசின் போன்ற படலம் ஒன்றை அமைத்துக்கொள்கின்றன. மயிலைக் குளத்துப் படிகளில் படியும் பாசியை எண்ணிப் பாருங்கள். தண்ணீரை மொண்டு ஊற்றினால் அது போகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அறுவை மருத்துவர் முதல்நாளே இறந்த தசையையும் எலும்புத் துண்டுகளையும் வெட்டி நீக்குவது இதனால்தான்.

இதனை எத்தனை மணி நேரத்திற்குள் செய்ய வேண்டும்? 1898இல் ஃபிரெட்ரிக் என்னும் ஜெர்மானியர், கினிப் பன்றிகளின் தசைக்குள் தோட்ட மண்ணையும் தூசியையும் வைத்துப் பார்த்தார். ஆறு மணி நேரத்திற்குள் அவ்விடத்தை வெட்டி நீக்கினால் அவை பிழைத்தன, அதன்பின் பயனில்லை. இந்த 'ஆறு மணி' விதி ஒரு நூற்றாண்டுக் காலம் வேதவாக்காக இருந்தது. ஆனால் மனிதர்களிடம் நடந்த பிற்கால ஆய்வுகள் அவ்வளவு கறாரான எல்லையைக் காட்டவில்லை. அவை வலியுறுத்துவது வேறு இரண்டு. ஒன்று, கிருமிக்கொல்லி மருந்து. 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பட்சாகிஸ் குழுவினர் செய்த ஆய்வில், இம்மருந்து பெறாதவர்களுள் 13.9 விழுக்காட்டினருக்குச் சீழ் பிடித்தது. செஃபலோதின் பெற்றவர்களுள் 2.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே. கடுமையான முறிவுகளில் முதல் ஊசி ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மற்றொன்று, எலும்பின்மேல் சில நாட்களுக்குள் தோலையும் தசையையும் கொண்டு போர்த்துவது. பிந்தி வரும் சீழில் காணப்படும் கிருமிகள் பல வேளைகளில் தெருவில் புகுந்தவையல்ல, மருத்துவமனையில் வந்து சேர்ந்தவை என்பதே இதற்குக் காரணம். வாசலைத் திறந்து போட்டுவிட்டு வீட்டைக் கூட்டிக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

மந்தைவெளியில் எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். விபத்தில் அவருக்கு ஏற்பட்ட காயம் ஒரு ரூபாய் நாணய அளவுகூட இல்லை. உள்ளிருந்து குத்தி வெளியே வந்த எலும்பு முனை திரும்ப உள்ளே போய்விட்டிருந்தது. "சின்னக் காயம்தானே" என்று, எலும்புக்குக் கட்டுப் போடும் ஓரிடத்தில் காயத்தின் மேலேயே இறுக்கிக் கட்டிவிட்டார்கள். பதினோராம் நாள் கட்டிலிருந்து நாற்றம் வந்தது. பிறகு மூன்று அறுவைகள். இருபது மாதங்கள் வண்டி ஓடவில்லை. அவர் மனைவி தெருமுனையில் இட்லிக் கடை போட்டார். சென்ற பொங்கலன்று நலம் விசாரித்தபோது அண்ணன் சொன்னார்: "எலும்பு ஒட்டிடுச்சு தம்பி, ஓட்டைதான் மூடல." அவர் காலில் இன்றும் சீழ் கசியும் துளை ஒன்று உண்டு. எத்தனை நூல்களைப் படித்தாலும் இவ்வளவு சுருக்கமாக இந்நோயை என்னால் விளக்க முடியாது.

காலைக் காப்பாற்ற முடியுமா, வெட்டத்தான் வேண்டுமா என்று முடிவு செய்ய உலகெங்கும் பயன்படும் ஓர் அளவுகோல் நம் தமிழ்நாட்டில் பிறந்தது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் வகுத்து 2006இல் வெளியிட்டது அது. தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண். மதிப்பெண் கூடினால் சேதம் கூடுதல். மொத்தம் 14 வரை இருந்தால் காலைக் காப்பாற்றலாம். 17, அதற்கு மேல் என்றால் நம்பிக்கை குறைவு. இடையில் உள்ளது மருத்துவரின் அனுபவத்திற்கு விடப்பட்டது. நீரிழிவு, 65 வயதைக் கடந்த முதுமை, 12 மணி நேரத்திற்கு மேற்பட்ட தாமதம் முதலியவற்றுக்குத் தலா 2 மதிப்பெண் கூடும். சாக்கடைக் கழிவு பட்ட காயத்திற்கும் அப்படியே. கார்த்திகை மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகத் தேங்கி நிற்பதைக் கண்ட எவரும் அந்த 2 மதிப்பெண்ணை எளிதாக எண்ணமாட்டார்.

இனி, வழியில் நாம் இவ்விபத்தைக் காண நேர்ந்தால்? வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள்தூள், டெட்டால் எதுவும் வேண்டா. சோப்பும் வேண்டா, இந்தியாவும் பங்கு கொண்டு, 2015இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வொன்றில், அறுவைக்கூடத்தில் சோப்புக் கரைசலால் கழுவிய காயங்களைவிட வெறும் உப்பு நீரால் கழுவியவற்றுக்கே மறு அறுவை குறைவாகத் தேவைப்பட்டது. இரத்தம் பெருகினால் துவைத்த துணியை மடித்து அழுத்திப் பிடிக்கலாம். காயத்தைத் துணியால் மூடி, கால் கிடக்கும் நிலையிலேயே பக்கத்தில் அட்டையோ குடையோ வைத்து, இரத்த ஓட்டம் தடைபடாமல் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். மூடுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், மருத்துவர் கட்டை மீண்டும் மீண்டும் பிரிக்க வேண்டியிராது. விபத்து நேர்ந்த மணியையும், விழுந்த இடம் சாக்கடையா சாலையா என்பதையும் சொல்லி அனுப்புவது நலம். முதல் ஊசியும் தடுப்பூசியும் அதனைப் பொறுத்தே அமையும்.

போலீஸ், வழக்கு என்று அஞ்சி விலகுவோர் நம்மிடையே பலர். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோர்மீது வழக்குத் தொடராதபடி காப்பளிக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். மந்தைவெளி அண்ணனின் விபத்து அதற்கு முந்திய ஆண்டு நிகழ்ந்தது.