கோமாரியும் அரைநாள் அவகாசமும்

கோமாரி வைரஸ் தானே பெருகும் சக்தியற்றது. மாட்டின் தொண்டையிலுள்ள உயிரணுக்களினுள் புகுந்து, அவற்றைக் கொண்டே தன் இனத்தைப் பெருக்குகிறது. பின் மூச்சு, உமிழ்நீர், பால், சாணம் ஆகியவற்றின் வழியே வெளிப்பட்டுப் பிற மாடுகளைப் பற்றுகிறது.

இங்கிலாந்தில் பிர்பிரைட் என்னுமிடத்து ஆராய்ச்சிச்சாலையில், நோயுற்ற மாடுகளை நோயற்றவற்றுடன் சில மணி நேரம் சேர்த்து வைத்துச் சோதித்தனர். அதன் முடிவு 2011-இல் வெளியாயிற்று. நோய்க்குறி தோன்றிச் சராசரி அரைநாள் கழிந்த பின்னரே மாடு அடுத்த மாட்டுக்கு நோயைத் தந்தது.

ஆகவே வாயில் நுரையோ, குளம்பிடையில் கொப்புளமோ காலையில் காணப்படின், மாலை வரை காத்திராது அம்மாட்டைத் தனியே கட்டுதல் வேண்டும். தொட்டியும் தீவனமும் வேறாக்கி, கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் அங்கத்தினர் கடமையாகும். அரைநாள் என்பது சராசரியே. ஆதலால் ஆறு மாதத்துக்கொருமுறை இடும் தடுப்பூசியைக் கைவிடலாகாது.