ஓடுவதற்கு முன் நிற்கட்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். அம்பாசடரைக் கழற்றிப் பூட்டி, பெயின்ட்டும் அடித்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். போட்டோ பார்த்தேன், மனசு நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே சாஸ்திரி நகர் வரை ஓட்டப் போகிறாயாமே? அதற்குத்தான் இந்த அவசரக் கடிதம். சாஸ்திரி நகர் எங்கும் போய்விடாது. முதல் ஓட்டம் உங்கள் கேம்பல் பே ஊருக்குள்ளேயே இருக்கட்டும். வண்டி நின்றுபோனால் நாலு பேர் தள்ளி வீடு சேர்க்கிற தூரம் போதும்.

இங்கே சென்னையில் வண்டி மக்கர் பண்ணினால் தெருமுனையில் மெக்கானிக் இருப்பார். உன் ஊருக்கு ஒரு ரப்பர் வாஷர் வேண்டுமென்றாலும் போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வர வேண்டும். 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரை அங்கே குடியேற்றினார்கள். அவர்களில் ஒருவரான உன் தாத்தாவைக் கேள், ஒரு சாமானுக்காகக் காத்திருப்பது என்னவென்று சொல்வார். சாஸ்திரி நகர் போகிற தெற்குச் சாலையை 2004 சுனாமி எப்படிப் பிய்த்துப் போட்டது என்பதும் அவருக்குத் தெரியும். அந்தச் சாலையில் சோதித்துப் பார்க்காத வண்டியோடு தனியாக நிற்காதே.

உன் கவனமெல்லாம் என்ஜின் மேல் இருக்கும். அந்த 1489 சிசி என்ஜின் பொறுமைசாலி, கோளாறு என்றால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பிரேக் அப்படியில்லை. உன் மார்க் 2 வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஆயில் போகும் வழி ஒன்றுதான். ஒரு குழாய் விட்டுப்போனால் நாலும் போச்சு. அதோடு பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உங்கள் கடல்காற்றில் கேட்கவே வேண்டாம். திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்றாதே, சீல் உடைக்காத புதியதையே ஊற்று.

வண்டியை நகர்த்துமுன் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடி. கால் மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் தேய்ந்திருக்கிறது. பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று, மறுபடி பிளீட் செய்து காற்றை வெளியேற்று. கெட்டியாக நின்றால்தான் சாவியைத் திருப்பு. ஹேண்ட் பிரேக்கையும் பார், அது கேபிளில் தனியாகப் பின்சக்கரங்களைப் பிடிப்பது. ஆயில் கைவிட்டால் உனக்கு மிஞ்சுவது அதுவும் கியரும்தான்.

ஆளில்லாத நேரான ரோட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய், ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் போடு. இடப்பக்கம் இழுத்தால் பிடிக்காதது வலப்பக்கம். லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம், வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். சரிசெய்யாமல் வேகம் கூட்டாதே. மழை பெய்தால் அன்றைக்கு எடுக்கவே வேண்டாம்.

டயரையும் பார். பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதே. பக்கச்சுவரில் கடைசி நாலு எண், தயாரித்த வாரமும் வருடமும். பழைய ரப்பர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், ஓடும்போது வெடிக்கும்.

என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளை அடிக்கடி கவனி. முள் ஏறிக்கொண்டே போனால் ஓரங்கட்டி அணைத்துவிடு, ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதே. பெட்ரோல் வாசனை வந்தாலும் உடனே அணை. தீயணைப்பான் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் முக்கியமான வேலை இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார், தொடாதே. முன்சக்கரங்கள் பின்னதைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஆனால் இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் ஷூ விடாமல் உரசுகிறது. பிறகு வீல் நட்டுகளை மறுபடி முறுக்கு. புதிதாகப் பூட்டிய நட்டு முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். ராத்திரி வண்டிக்கடியில் அட்டையை விரித்து வை, எங்கே என்ன சொட்டியது என்று காலையில் தெரிந்துவிடும்.

எந்த டிரம் சுட்டது, அட்டையில் என்ன நிறத்தில் கறை என்று போன் பண்ணிச் சொல். ரப்பர் கிட் எது வேண்டுமோ இங்கே தேடி வாங்கி, அடுத்த கப்பலுக்கே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா