ஜீனோவை மீண்டும் படித்தேன்

சில நூல்களை இன்பத்துக்காகப் படிக்கிறோம். சிலவற்றை அறிவுக்காகப் படிக்கிறோம். சிறுவயதில் இன்பம் தந்த நூலே பின்னர் அறிவும் தருமாயின் அதனைச் சிறந்த நூல் எனலாம். எனக்கு வாய்த்த அத்தகைய நூல் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த இக்கதையைப் பென்னாகரத்திலுள்ள என் அத்தை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தார். ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறையில் அதை இரண்டே நாளில் படித்து முடித்தேன். அறிவியல் புனைகதை குறித்து வகுப்பில் பேச வேண்டியிருந்ததால், இவ்வாண்டு மீண்டும் அத்தொகுப்பைக் கேட்டு வாங்கினேன்.

கதை நிகழும் காலம் 2020-ஐ ஒட்டிய ஆண்டுகள். எழுதியபோது எதிர்காலமாக இருந்த அவை இன்று கடந்தகாலம் ஆகிவிட்டன. நாட்டை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆளுகிறான். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள். குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். கணவன் சிபி காணாமற்போக, நிலா என்னும் எளிய பெண் அவனைத் தேடிப் புறப்படுகிறாள். அவளுக்குத் துணை நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி.

சிறுவனாக இருந்தபோது ஜீனோவின் குறும்புப் பேச்சுதான் என்னைக் கவர்ந்தது. இப்போது வேறொன்று புலப்பட்டது. ஜீனோ பிறவி அறிவாளியன்று. அது ஒரு விளையாட்டுப் பொருள். புத்தகம் புத்தகமாகப் படித்து, கேள்வி கேட்டு, மெல்ல மெல்லச் சிந்திக்கக் கற்றுக்கொள்கிறது.

'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தின் வழியே உலகுக்கு வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர். 1942-இல் ஐசக் அசிமோவ் வகுத்த மூன்று விதிகளுள் ஒன்று, மனிதன் இடும் கட்டளைக்கு இயந்திரம் பணிய வேண்டும் என்பது. சுஜாதாவோ இம்முறையைத் தலைகீழாக்குகிறார். இங்கே பணிந்து கிடப்பவர்கள் மனிதர்கள். ஏன் என்று கேட்பது இயந்திரம். மக்கள் அஞ்சி வணங்கிய ஜீவாவோ முடிவில் வெறும் ஒளியுருவம்! பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்காற்றியவர், கேள்வி கேட்காத மக்களை இல்லாத ஒருவன்கூட ஆளலாம் என்று எழுதியது எண்ணத்தக்கது.

இம்முறை படித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. குழந்தை பெறுவதற்கான அனுமதி பற்றிய வரிகளின் கீழே பென்சில் கோடு! சிறுவயதில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அத்தையிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்:

"நான் மூணாவது பொண்ணு. 'இதுவும் பொண்ணா, வச்சிக்கப் போறியா'ன்னு ஊரே எங்கம்மாவைக் கேட்டுச்சாம். அம்மா யாருக்கும் பதில் சொல்லல. என்னை எடுத்து மடியில போட்டுக்கிச்சாம். கதையைப் படிச்சப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு."

பிறந்த பெண்சிசுவைக் காப்பதற்காகத் தமிழக அரசு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதையும், 2001-இல் அது நம் தருமபுரிக்கும் விரிவுபடுத்தப்பட்டதையும் நாம் அறிவோம். கதையில் பிறப்புக்கு அனுமதி தருவது அரசு. நம் ஊர்களிலோ அந்த அதிகாரத்தை வீடும் உறவும் கையில் வைத்திருந்தன. யாரும் எழுதாத சட்டம். ஆனால் யாரும் மீறத் துணியாத சட்டம். அதை மீறிய என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். அன்று அவர் பணிந்திருந்தால் அத்தை இல்லை. இந்தத் தொகுப்பும் என் கைக்கு வந்திராது.

ஜீனோ படித்துப் படித்துக் கேள்வி கேட்கக் கற்றது. பாட்டி படிக்காமலே கற்றார். நூலகமும் வகுப்பறையும் வாய்க்கப்பெற்ற நாமோ தேர்வுத்தாளில் உள்ள கேள்விகளுக்கு விடை எழுதுவதோடு நின்றுவிடுகிறோம். நண்பர்களே, சிறுவயதில் நீங்கள் விரும்பிப் படித்த நூலொன்றை இவ்விடுமுறையில் மீண்டும் எடுத்துப் பாருங்கள். அதில் உங்களுக்கு முன் படித்தவர் யாரேனும் கோடு போட்டிருந்தால், ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.